மரம் முளைத்த புறம்போக்கு

தொப்பூர்க்காரர் யாராவது சென்னைக்குப் போனால் கட்டாயம் பார்த்துவிட்டு வர வேண்டிய பூங்கா ஒன்று இருக்கிறது. 1859இல் தொடங்கியது. பரப்பு 116 ஏக்கர். பதினோரு குளங்கள், உள்ளுக்குள்ளேயே ஐந்தரை மைல் சாலை, பாண்டு வாசிக்க மேடை, குளியல் கூடம், டென்னிஸ் ஆட இடம், போதாததற்கு ஒரு மிருகக்காட்சிசாலை. பெயரும் தாராளமான பெயர், மக்கள் பூங்கா. பீப்பிள்ஸ் பார்க் என்று வெள்ளைக்காரன் வைத்தது. போய்ச் சேருவதும் சுலபம். சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து மேற்கே திரும்பினால் போதும். எல்லாம் அந்தந்த இடத்தில் இருக்கும். பூங்கா மட்டும் இருக்காது.

நம்மூரிலிருந்து சென்ட்ரல் போக மொரப்பூரில் ரயில் ஏறலாம். மொரப்பூர் வரை பஸ்தான். தர்மபுரிக்கும் மொரப்பூருக்கும் இடையே 1906இல் வெள்ளைக்காரன் ரயில் விட்டான், 1941இல் யுத்தம் என்று சொல்லி அவனே நிறுத்தினான், 2019இல் நம்மவர்கள் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் அடிக்கல் என்பது நீண்டகாலப் பயிர். அவசரப்பட்டு அறுவடை பற்றிக் கேட்கக் கூடாது.

பூங்காவுக்கு வருவோம். இதை வைத்தவர் சார்லஸ் டிரெவெலியன், அன்றைய மதராஸ் கவர்னர். உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். லண்டன் கருவூலத்தில் பெரிய அதிகாரியாக இருந்த காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நிவாரணத்தின் சாவி இவர் கையில் இருந்தது. சும்மா கொடுத்தால் ஜனங்கள் கெட்டுப்போவார்கள் என்று நினைக்கிற ரகம். அயர்லாந்தில் இன்றைக்கும் அவர் பெயரை நல்லபடியாகச் சொல்வாரில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் 1859இல் மதராஸுக்கு வந்து, கறுப்பர் நகரத்துச் சந்துகளின் நெரிசலைப் பார்த்து, இந்த ஜனங்களுக்குக் காற்று வாங்க ஓரிடம் வேண்டும் என்று நினைத்தார். மறுவருஷமே வருமான வரியை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசி வேலையைப் பறிகொடுத்து ஊர் போய்ச் சேர்ந்தார். பஞ்சத்தில் பட்டினி கிடந்தவனைப் பார்த்து இளகாத மனசு இளகிய இடம் இந்த 116 ஏக்கர். அதற்குப் பிறகு இந்த இடத்தைப் பார்த்து யாருக்கும் மனசு இளகவில்லை. எச்சில் ஊறியது, அவ்வளவுதான்.

சரி, சுற்றிப் பார்க்கலாம். கூட வாருங்கள், கட்டணம் இல்லை.

சென்ட்ரலை ஒட்டினாற்போல புறநகர் ரயில் நிலையம். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று ரயில்வேயே பெயர் வைத்திருக்கிறது. இங்கே இருந்த மூர் மார்க்கெட், பூங்காவுக்குள் 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர். பிராட்வே பக்கம் இருந்த சந்தை நெரிசலாக இருக்கிறது, பாவம் வியாபாரிகள், கொஞ்சம் இடம் கொடுப்போம் என்றார்கள். பூங்காவில்தான் இடம் சும்மா கிடக்கிறதே! எண்பத்தைந்து வருஷம் பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் விற்ற அந்த மார்க்கெட்டின் மேல் பிறகு ரயில்வேக்குக் கண் விழுந்தது. இடம் மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில், 1985 மே 30ஆம் தேதி, மார்க்கெட் தீப்பற்றி எரிந்தது. தீக்கு மட்டும் எங்கே, எப்போது பற்ற வேண்டும் என்று நம் நாட்டில் நன்றாகத் தெரியும்.

அதோ, வாகனங்கள் நிற்கும் இடத்தில் கோபுரமும் வளைவுமாகச் சிவப்பாக ஒரு சின்னக் கட்டடம் தெரிகிறதா? அதுதான் மூர் மார்க்கெட்டின் மாதிரி. நிஜத்தை எரியவிட்டு, இடத்தை எடுத்துக்கொண்டு, பொம்மை செய்து வாசலில் வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் பைக்குகள். பூங்காவை விழுங்கிய மார்க்கெட்டுக்காவது ஒரு பொம்மை கிடைத்தது. பூங்காவுக்கு ஒரு தொட்டிச் செடிகூடக் கிடைக்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில்தான் மிருகக்காட்சிசாலை இருந்தது. சென்னை ஜனங்கள் அதை உயிர்க் காலேஜ் என்பார்கள், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்கள். 1855இல் மியூசியத்தில் பிறந்து, பிறகு பூங்காவுக்குள் வந்து, நூறு வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தது. அதே 1985இல் வண்டலூருக்குப் போய்விட்டது. மிருகங்களுக்கு நல்லதுதான். கூண்டிலிருந்து காட்டுக்குப் போயின. பூங்காவில் காற்று வாங்க வந்த இரண்டு கால் ஜீவன்களுக்குத்தான் மாற்று இடம் தருவதாக யாரும் சொல்லவில்லை.

மேற்கே இன்னும் கொஞ்சம் நடந்தால் விக்டோரியா பப்ளிக் ஹால். மகாராணியின் பொன்விழாவுக்குக் கட்டியது. 1886இல் மாநகராட்சி பூங்காவிலிருந்து 57 கிரவுண்டை இதற்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. வாடகை கிரவுண்டுக்கு எட்டணா. மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. ஆக மொத்தம் 28 ரூபாய் சொச்சம். கட்டடம் அழகானது, சந்தேகமே இல்லை. சென்னையில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டியது இங்கே. சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது இங்கே. பிற்பாடு பல வருஷம் பூட்டிக் கிடந்ததும் இங்கேதான். ஒரு பூங்காவை வெட்டி ஓர் அரங்கத்தை வைத்தார்கள், அப்புறம் அந்த அரங்கத்தையும் பூட்டினார்கள். இரண்டு கொலைக்கு ஒரே பிணவறை.

அந்த 1886ஆம் வருஷத்துக் கடைசி நாளில் இதே பூங்காவில் நடந்த பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் வெந்து செத்தார்கள். சென்னைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், நூற்றில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிசயம். நினைவு வைத்துக்கொள்ள இடமில்லாத ஊர். நிஜமாகவே இடமில்லை, கட்டிவிட்டார்கள்.

அடுத்தது வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. சென்னை மாநகராட்சியின் தலைமையகம். இங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஏனென்றால் இதுதான் இந்தச் சுற்றுலாவின் மூலஸ்தானம். பூங்காவைப் பாதுகாக்க வேண்டியது யார்? மாநகராட்சி. மாநகராட்சிக்கு அலுவலகம் கட்ட 1909இல் இடம் தேவைப்பட்டது. அது எங்கே கட்டிக்கொண்டது? பூங்காவுக்குள். ஏழரை லட்சம் ரூபாயில் நான்கு வருஷம் கட்டி, 1913 நவம்பரில் வைஸ்ராய் ஹார்டிஞ் வந்து திறந்துவைத்தார். வேலி பயிரை மேயும் என்று நம் பாட்டன்மார் சொன்னார்கள். அது மேய்ந்த இடத்தில் மணிக்கூண்டு வைத்துக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியும் ஏறும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அதோடு விட்டதா? 2015இல் அதே வளாகத்தில் அம்மா மாளிகை என்று இன்னொரு கட்டடம். வெள்ளைக்காரன் காலத்தில் ரிப்பன் பிரபுவின் பெயர், நம் காலத்தில் நம் பிரபுக்களின் பெயர். நிலம் மட்டும் எப்போதும் ஒரே ஆசாமியுடையது. பெயரிலேயே இருக்கிறாரே, மக்கள்.

பின்பக்கம் நேரு ஸ்டேடியம். முன்னே இதை கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்பார்கள். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக 413 ரன் எடுத்தது இங்கே. உலகமே ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தொடக்க ஜோடியின் சாதனையைத் தொட முடியாமல் திண்டாடியது. விளையாட்டை யார் குறை சொல்வார்கள்? 1993இல் பெரிதாக இடித்துக் கட்டினார்கள். அதையும் யார் குறை சொல்வார்கள்?

அப்புறம் அல்லிக்குளம். பதினோரு குளத்தில் ஒன்றையாவது பார்த்துவிட்டோம் என்று கால் நனைக்க ஓட வேண்டாம். அல்லிக்குளம் என்பது வணிக வளாகம். மூர் மார்க்கெட் எரிந்த பிறகு கடைக்காரர்களுக்கு இங்கே கடை கொடுத்தார்கள். அல்லிக்குளம் நீதிமன்றம் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள், அதுவும் இதுவே. குளத்தை மூடி, குளத்தின் பெயரைக் கடைக்கு வைத்து, மேலே நீதிமன்றத்தையும் வைத்தவர்களின் நகைச்சுவை உணர்ச்சிக்கு முன்னால் என் போன்றவன் எழுதும் அங்கதம் எல்லாம் தூசு.

மெட்ரோ ரயில் வந்தபோது பூமிக்கு மேலே கட்ட இடம் தீர்ந்துபோய்க் கீழேயும் போனார்கள். மிச்சமாக ஸ்டேடியத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் அந்தப் பக்கம் மை லேடீஸ் பூங்கா என்று ஒரு துண்டு இருக்கிறது. துரைசானிகளின் பெயரில் இருந்ததால் தப்பித்தது என்று நினைக்கிறேன். மக்கள் என்று பெயர் வைத்தது போய்விட்டது, துரைசானி என்று பெயர் வைத்தது நின்றது.

இவ்வளவையும் பார்த்தபின் எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் திருட்டு இல்லை. இதில் திருடனே இல்லை என்பதுதான். ஒரு ரவுடி மதில் ஏறிக் குதித்து வளைத்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். இங்கே வெட்டியவர்கள் எல்லாரும் உத்தமர்கள். கலைக்காக ஒருவர் வெட்டினார், ஏழை வியாபாரிக்காக ஒருவர், நகர நிர்வாகத்துக்காக ஒருவர், விளையாட்டுக்காக ஒருவர், ரயில் பயணிக்காக ஒருவர். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு பொதுநலன், ஒரு தீர்மானம், ஒரு கைதட்டல், ஒரு கல்வெட்டு. நூற்றைம்பது வருஷத்துப் பொதுநலனைக் கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 116 ஏக்கரும் காணாமல் போயிருக்கிறது. வருவாய்த் துறை, ரயில்வே, மாநகராட்சி எதுவாக இருந்தாலும் சரி, அதிகாரியின் கண்ணுக்குப் பூங்கா என்பது மரம் முளைத்த புறம்போக்கு. யாரும் குடியிருக்கவில்லை, பட்டா இல்லை, நஷ்டஈடு கேட்க ஆள் இல்லை, கோர்ட்டுக்குப் போக மரத்துக்குக் கால் இல்லை. நாட்டில் இதைவிட வசதியான காலி இடம் கிடைக்குமா?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இல்லாமல் என்ன! தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம். வருஷம் 1959. மக்கள் பூங்கா பிறந்து சரியாக நூறு வருஷம் கழித்து, பெரும்பகுதி போனபிறகு, பூங்காவைக் காப்பது எப்படி என்று கோட்டையில் யோசித்து முடித்தார்கள். உள்ளாட்சிகள் தம் எல்லைக்குள் இருக்கும் பூங்கா, திடல், திறந்தவெளிகளைப் பட்டியல் எடுத்து அரசுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். பட்டியலில் இருப்பதை வேறு காரியத்துக்கு எடுக்க அனுமதி வேண்டும். அனுமதி கேட்பதும் அரசாங்கம், கொடுப்பதும் அரசாங்கம். மாமியாரும் மருமகளும் ஒருவரே என்றால் அந்த வீட்டில் ஏது சண்டை?

மக்கள் பூங்காதான் போய்விட்டது, இருக்கிற பூங்காவிலாவது உட்காரலாம் என்று அன்றைக்கு நான் இன்னொரு பூங்காவுக்குப் போனேன். பெயர் வேண்டாம். மணி பதினொன்று. கதவில் பூட்டு. உள்ளே நல்ல தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்சு, பெஞ்சில் ஒரு நாய் சுகமாகப் படுத்திருந்தது. காவலாளி எங்களூர்ப் பக்கத்து முகஜாடை.

“அண்ணா, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போயிடறேன்.”

“பத்து மணிக்கு மேல விடமாட்டோம் சார். சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க.”

“வெயில் இப்பதாண்ணா அடிக்குது. நாலு மணிக்கு எனக்கு எதுக்கு நெழல்?”

“நான் என்ன சார் பண்றது, ரூல்ஸ் அப்படி. திறந்து வெச்சா கண்டவனும் வந்து படுத்துக்கறான்.”

கண்டவன் என்றது என்னைத்தான். தவறில்லை. வெயிலில் நடந்து களைத்துப்போனவன், ஊருக்கு ரயில் சாயங்காலம் என்பவன், ஆஸ்பத்திரியில் உறவுக்காரரைச் சேர்த்துவிட்டு வெளியே நிற்பவன், கட்டட வேலைக்கு ஆள் எடுக்கவில்லை என்று திரும்பி வந்தவன், எல்லாரும் கண்டவன்களே. பூங்கா அவர்களுக்கு இல்லை. காலையில் வெள்ளை ஷூ போட்டுக் கை வீசி நடப்பவர்களுக்கும் சாயங்காலம் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும். நடுப்பகலில் நாய்க்கு.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. புல்தரையில் நடக்காதீர். பூக்களைப் பறிக்காதீர். பந்து விளையாடாதீர். பெஞ்சில் படுக்காதீர். உணவுப் பண்டங்கள் கொண்டுவராதீர். மூச்சு விடலாமா என்பது பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது சேர்ப்பார்கள். பலகைக்கு எதிரே கறுப்புக் கிரானைட்டில் கல்வெட்டு, எங்கள் பக்கத்து மலையை அறுத்து எடுத்ததாக இருக்கும். அமைச்சர், மேயர், எம்.பி., எம்.எல்.ஏ., கவுன்சிலர், ஆணையர், மண்டலப் பொறியாளர் என்று பெயர்கள் கல்யாணப் பத்திரிகையைத் தோற்கடித்தன. உள்ளே இருந்த ஒரு மரத்தில்கூடப் பெயர் எழுதவில்லை. நட்டவர் யார் என்று கல்லில் இருக்கிறது, நட்டது என்ன என்று எங்கும் இல்லை.

திறந்தே இருக்கும் பூங்காவும் சென்னையில் உண்டு, அவசரப்பட்டுக் குறை சொல்லக் கூடாது. கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. ஆறு ஏக்கர், செலவு சுமார் 46 கோடி. கம்பியில் தொங்கிப் பறக்கலாம், பறவைகளைப் பார்க்கலாம், இசை நீரூற்று உண்டு. திறந்தபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100, பிள்ளைகளுக்கு 50. பறப்பதற்கும் மற்றதற்கும் தனித்தனிச் சீட்டு. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள் என்று எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று போனால் வாசலிலேயே 300 போய்விடும். மீதிப் பத்தொன்பது ரூபாயில் நாலு பேரும் டீ குடிக்க முடியாது. பகல் முழுக்க ஏரியில் மண் சுமந்தவள் தன் அரசாங்கத்தின் பூங்காவில் தன் பிள்ளைகளோடு புல்லைப் பார்க்க ஒரு நாள் கூலியைக் கட்ட வேண்டும். டிரெவெலியன் பஞ்சத்தில் கணக்குப் பார்த்தான் என்றேன். அவன் பூங்காவுக்கு மக்கள் என்று பெயர் வைத்தான். நாம் தலைவர்கள் பெயரை வைக்கிறோம். வித்தியாசம் வாசலில் தெரிகிறது.

பெங்களூரு லால்பாக்கைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். தொப்பூர்க்காரனுக்குச் சென்னையைவிடப் பெங்களூருதான் பக்கம். கொத்து வேலைக்குப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை லால்பாக்கில்தான் கால் நீட்டுவான். ஹைதர் அலி 1760இல் தொடங்கியது, திப்பு வளர்த்தது. தோட்ட வேலை தெரிந்த தமிழ் வழிக் குடிகளான திகளர்கள் கை வைத்து வளர்ந்த மண். இன்றைக்கும் 240 ஏக்கர் இருக்கிறது. அங்கேயும் உத்தமர்கள் இல்லாமலில்லை. போக்குவரத்து நெரிசல் தீர ஊருக்கு அடியில் சுரங்கச் சாலை போடுகிறோம், அதற்கு லால்பாக்கில் கொஞ்சம் இடம் வேண்டும் என்று 2025இல் பேச்சு கிளம்பியது. சுமார் ஆறு ஏக்கர். ஊர் கொதித்துவிட்டது. காலையில் நடக்க வந்தவர்கள் கையில் பலகையோடு நின்றார்கள். 116 போனபோது நாம் எத்தனை பேர் நின்றோம்?

1790 நவம்பரில் ஆங்கிலேயப் படை துரத்த, திப்பு எங்கள் தொப்பூர்க் கணவாய் வழியாகத்தான் நழுவினான். வாளோடு இந்த வழியே போனவர்களுக்குத் தோட்டம் வைக்க நேரம் இருந்தது. ஓட்டு வாங்கிக்கொண்டு இந்த வழியே காரில் போகிறவர்களுக்குக் கல்வெட்டு வைக்க மட்டும் நேரம் இருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பூங்கா இல்லை என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். இந்தியாவிலேயே நீளமான பூங்கா எங்களிடம் இருக்கிறது. நாற்கரச் சாலை போட்டபோது ஓரத்தில் நின்ற புளியமரங்களை வேரோடு சாய்த்தார்கள். எங்கள் பாட்டிமார் புளி உலுக்கிய மரங்கள். ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்பது அரசாங்கத்தின் நிரந்தர வாக்குறுதி. நட்டார்கள், பொய் சொல்லக் கூடாது. இரண்டு சாலைக்கும் நடுவே திட்டில் அரளி. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, கிருஷ்ணகிரி வரைக்கும் அரளி. ஆடு தின்னாது, நிழல் தராது, பக்கத்தில் போனால் லாரி அடிக்கும். இந்தப் பூங்காவுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு, சுங்கச்சாவடியில் வாங்கிக்கொள்கிறார்கள்.

கணவாயில் சாவு எங்களுக்குத் தினசரிப் பேச்சு. சரிவில் டீசலை மிச்சம் பிடிக்க லாரிக்காரன் வண்டியை நியூட்ரலில் விடுவான், பிரேக் பிடிக்காது, முன்னால் நிற்பவர்கள் மேல் ஏறும். 2020 டிசம்பரில் ஒரே லாரி வரிசையாக வண்டிகளில் மோதி நான்கு பேர் செத்தார்கள். 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் மறுபடி நான்கு பேர். 775 கோடியில் மேம்பாலச் சாலை வருகிறது. வரட்டும், நாங்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றி வாங்கியது. ஆனால் உயிரா மரமா என்று எங்களிடம் கேட்கிற மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்கும் நிலைமைக்கு ரோட்டை வளைத்துப் போட்டவர்களிடம் முதலில் கேளுங்கள். வளைவையும் சரிவையும் தப்பாகப் போட்டது மரம் இல்லை.

சாலைக்குக் கீழே காடு திருத்திப் பிளாட் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் கல், வெள்ளைக் கல், கொடி, ஆர்ச். டி.டி.சி.பி. அப்ரூவ்டு என்று பேனர். வரைபடத்தில் பச்சை நிறத்தில் ஒரு முக்கோணம், அதில் பூங்கா என்று எழுதியிருக்கும். போய்ப் பார்த்தேன். எந்த மனைக்கும் உதவாத மூலை, மின்கம்பிக்குக் கீழே, மழைத் தண்ணீர் வந்து தேங்குகிற பள்ளம். சீமைக்கருவேலம் ஆள் உயரம், அதைத் தின்னாமல் முறைத்துக்கொண்டு இரண்டு வெள்ளாடு. தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாயிற்று, சட்டம் திருப்தி. இன்னும் சில வருஷத்தில் அங்கே தண்ணீர்த் தொட்டி வரும், அப்புறம் ரேஷன் கடை, ஓரமாக ஒரு பிள்ளையார். தண்ணீரை யார் குறை சொல்வார்கள்? அரிசியை? பிள்ளையாரை? மக்கள் பூங்காவின் கதை எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. ஏக்கர் கணக்கு சென்ட் கணக்காகச் சுருங்கியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. 2024இல் தமிழக அரசு கிண்டியில் ரேஸ் கிளப்பிடமிருந்து 160 ஏக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1945 முதல் 99 வருஷக் குத்தகை, வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய். கிரவுண்டுக்கு எட்டணாவைவிடவும் மலிவு. குதிரைகளிடமிருந்து மீட்டது நல்ல காரியம், முழு மனசோடு கை தட்டுகிறேன். அதில் 118 ஏக்கரில் பூங்கா வரும் என்று அறிவித்தார்கள். 116 ஏக்கரைத் தின்று ஏப்பம் விட்ட ஊர் 118 ஏக்கருக்கு இலை போட்டிருக்கிறது. பந்தியில் உட்கார இப்போதே வரிசை கட்டி நிற்பார்கள், எல்லாரும் உத்தமர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம், மெட்ரோவுக்குக் கொஞ்சம், மாநாட்டு அரங்கத்துக்குக் கொஞ்சம், நினைவிடத்துக்குக் கொஞ்சம்.

வாசகர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இரண்டே கேள்வி எழுதுங்கள். ஒன்று, மக்கள் பூங்காவாக இருந்த 116 ஏக்கரில் இன்றைக்குப் பூங்காவாக மிச்சமிருப்பது எவ்வளவு, மற்றது எந்த ஆணைப்படி யாருக்குப் போனது? இரண்டு, 1959ஆம் வருஷச் சட்டப்படியான பூங்காப் பட்டியலின் நகல் எங்கே? முகவரி பொதுத் தகவல் அலுவலர், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை, சென்னை 600003. பூங்காவுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் அளந்து சொல்ல அவர்களுக்குத் தூரம் இல்லை. பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும். பூங்கா நுழைவுச் சீட்டில் பத்தில் ஒரு பங்கு. நான் என்னுடையதை அனுப்பிவிட்டேன். நீங்களும் அனுப்புங்கள்.